ஊடு அலங்கோலமாக் கெடக்குதுங்க

எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்குள் கால் வைத்தால், வீட்டுக்காரர் முதலில் ‘வாங்க’ என்பார். அடுத்த மூச்சிலேயே, ‘ஊடு அலங்கோலமாக் கெடக்குதுங்க, ஒன்னும் நெனச்சுக்காதீங்க’ என்பார். வீடு என்னவோ பளிச்சென்றுதான் இருக்கும். வாசலில் செருப்புகள் ஜோடி ஜோடியாக நிற்கும். சோபாமேல் விரித்த துணியில் ஒரு சுருக்கம் இருக்காது. இருந்தாலும் சொல்லியாக வேண்டும். வந்தவரும் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. ‘அட, அதனால என்னுங், எல்லாரு ஊடும் அப்படித்தான்’ என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

யார் எதைச் சொல்வது என்பதில் எந்தக் குழப்பமும் கிடையாது. அலங்கோலம் என்ற சொல் வீட்டுக்காரருக்கு. எல்லாரு ஊடும் அப்படித்தான் என்பது விருந்தாளிக்கு. மாற்றிச் சொன்னால் வம்பு. வந்தவர் வாயிலிருந்து முதலில் ‘அலங்கோலம்’ வந்துவிட்டால், அந்த வீட்டு அடுப்பில் காப்பி கொதிக்காது.

என் வீட்டுக்கு வந்தவர்கள் பாடு எப்போதும் திண்டாட்டம்தான். நான் சொன்னால் அது மரியாதைக்குச் சொன்ன சொல்லாக இருக்காது, உண்மையாக இருக்கும். வந்தவர்கள் ஒரு கணம் சுற்றிப் பார்த்துவிட்டு, எச்சில் விழுங்கிவிட்டு, ‘எல்லாரு ஊடும் அப்படித்தானுங்’ என்பார்கள். பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள்.

நான் மெய்ப்புத் திருத்துகிறவள். அச்சாவதற்கு முன்னால் எழுத்துப்பிழை பார்ப்பது என் பிழைப்பு. பள்ளிக்கூட நோட்ஸ், கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், எப்போதாவது ஒரு நல்ல புத்தகம் என்று எல்லாம் வரும். கம்ப்யூட்டரில் பார்த்தால் பிழை என் கண்ணுக்குத் தப்பிவிடும். அதனால் எல்லாவற்றையும் தாளில் எடுத்து வைத்துக்கொள்வேன். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மாடி வீடு எங்களுடையது. கட்டில்மேல் தாள், சாப்பாட்டு மேசைமேல் தாள், குளிர்ப்பெட்டி தலையில் அகராதி. சிவப்புப் பேனாக்கள் காப்பி டம்ளரில் நிற்கும். காப்பி எதில் குடிப்பது என்று கேட்கக் கூடாது.

என் கணவர் நேர் எதிர். மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருந்தார். அங்கே சுவரில் ஒரு பலகை. அதில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் ஒரு ஆணி, ஆணிக்குக் கீழே அந்த ஸ்பேனரின் உருவம் பெயின்டில் வரைந்திருக்கும். சாயங்காலம் ஒரு உருவம் காலியாக இருந்தால் அதைத் தேடி எடுத்து மாட்டாமல் ஷட்டரை இறக்க மாட்டார். மரியாதையிலும் அப்படித்தான். ‘ங்க’ போடாமல் அவருக்கு ஒரு வாக்கியம் முடியாது. கடைவாசலில் படுத்திருக்கும் நாயைக்கூட ‘கொஞ்சம் தள்ளிக்கோங்க’ என்றுதான் எழுப்புவார். இத்தனை மரியாதையில் ஒரு துளி எனக்கு மிஞ்சாது. வீட்டுக்குள் வந்ததும் செருப்பை நேராக விட்டுவிட்டு, சுற்றிப் பார்த்துவிட்டுச் சொல்வார்: “ஊடா அம்மணி இது? ஒரே அலங்கோலம்.”

தினமும் இதே பாட்டு. நானும் விட மாட்டேன். அலங்காரம் வேண்டுமென்றால் கோயிலுக்குப் போங்கள் என்பேன். ஒருநாள் அவரை வாயடைக்கவென்றே அகராதியை எடுத்து விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அலங்காரத்துக்கும் அலங்கோலத்துக்கும் முதல் மூன்று எழுத்து ஒன்றுதான், பாதி தூரம் நானும் வந்திருக்கிறேன் என்று வாதாடினேன். அவர் சட்டையைக் கொடியில் மாட்டிக்கொண்டே, “மிச்ச எழுத்துலதான அம்மணி குடித்தனம் இருக்குது” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தோற்ற மாதிரி என்று அடக்கிக்கொண்டு அகராதியைச் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

போன வருஷம் ஒரு காலையில் பல் துலக்கப் போனவர் அப்படியே சுவரோடு சரிந்தார். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. பிழைத்துக்கொண்டார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு சுத்தமாக நின்றுவிட்டது.

நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலருகே பையைக் கொட்டிவிட்டு ஸ்கேன் கவரைத் தேடிக்கொண்டிருந்தேன். துண்டு, ஃபிளாஸ்க், பிஸ்கட், சீப்பு என்று எல்லாம் கீழே கிடந்தன. அவர் கண்ணைத் திறந்து அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கொஞ்சமும் குழறாமல், ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக, “அலங்கோலம்” என்றார்.

நான் கத்திய கத்தில் நர்ஸ் ஓடி வந்தார். அழுதுகொண்டே சிரித்தேன். வாழ்நாளில் அந்தச் சொல்லுக்காக நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இது யாருங்க, நான் யாருங்க என்று கேட்டேன். “அலங்கோலம்” என்றார். தண்ணி வேணுமா என்று கேட்டதற்கும் அதேதான். டாக்டர் வந்து உங்கள் பெயரென்ன என்று கேட்டதற்கும் அதேதான். அவர் முகத்தில் பயம் தெரிந்தது. தான் சொல்ல நினைப்பது வேறு, வாயில் வருவது வேறு என்று அவருக்கே புரிந்துவிட்டது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நாம் பேசுவது அவருக்குப் பெரும்பாலும் புரிகிறது, சொல்லை எடுத்து வெளியே வைக்கிற இடம்தான் அடிபட்டிருக்கிறது, சில பேருக்கு ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சும், எதைச் சொல்லப் போனாலும் அதுதான் வரும் என்றார். திரும்ப வருமா என்று கேட்டேன். பயிற்சி கொடுத்தால் வரலாம், முதல் சில மாதங்களை விட்டுவிடாதீர்கள் என்றார். விடுவதாவது. அவர் ‘வரலாம்’ என்றதை நான் ‘வரும்’ என்று திருத்திக்கொண்டேன்.

இருபத்து ஐந்து வருஷம் குடித்தனம் செய்தவர் வாயில், மிஞ்சுவதற்கு எத்தனையோ சொல் இருக்க, இதுவா மிஞ்ச வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாகவும் இருந்தது. என் பெயர் மிஞ்சியிருக்கக் கூடாதா? சாமி பெயராவது மிஞ்சியிருக்கக் கூடாதா? இதை மகளிடம் சொன்னேன். ஓசூரில் வேலை பார்க்கிறவள். “உன்கிட்ட அதிகமாச் சொன்ன வார்த்தை அதுதானேம்மா” என்றாள். பெற்ற மகள் இப்படித்தான் இருப்பாள் போல.

வீட்டுக்குக் கூட்டி வந்தபின் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு குடித்தனம் நடந்தது. காலையில் இழுத்துச் சொன்னால் காப்பி. வெடுக்கென்று சொன்னால் பாத்ரூம். மூன்றாகப் பிரித்து அலங்-கோ-லம் என்று சொன்னால் ஃபேனைக் கூட்டு. வாய்க்குள்ளேயே முணுமுணுத்தால் அழப் போகிறார் என்று அர்த்தம். பிழை பார்த்தே பழகிய கண்ணும் காதும் எனக்கு. எல்லாவற்றையும் பிரித்துவிட்டேன். ஒன்று மட்டும் அந்தச் சொல்லில் இல்லவே இல்லை. ‘ங்க’. எவ்வளவு கெஞ்சலாகச் சொன்னாலும், யாரிடம் சொன்னாலும், மொட்டையாகத்தான் வந்தது. பார்க்க வந்த பட்டறைக்காரர்கள், அண்ணன் இப்படி மொட்டையாகப் பேசி நாங்கள் கேட்டதில்லையே என்று வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். சென்னைப் பக்கத்துப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும், நல்ல பொறுமைசாலி. முதல் நாளே எனக்கு இரண்டு கட்டளை போட்டாள். ஒன்று, அலங்கோலத்தைப் பதிலாக ஏற்றுக்கொள்ளக் கூடாது. அது அவராகச் சொல்வதில்லை, தானாக வந்து விழுவது என்றாள். இரண்டாவது, ஒரு கேள்வி கேட்டால் மனதுக்குள் இருபது எண்ண வேண்டும், நடுவில் எடுத்துக் கொடுக்கக் கூடாது. முதல் கட்டளையை நான் மனதார ஒப்புக்கொள்ளவில்லை. அவராகச் சொல்லாமலா காப்பிக்கு ஒரு ராகமும் ஃபேனுக்கு ஒரு ராகமும்? இரண்டாவதுதான் எனக்குச் சித்திரவதை. எனக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். ஏழு எண்ணுவதற்குள் நாக்கு துடிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினேன்.

அவள் படம் போட்ட அட்டைகள் ஒரு கட்டு கொடுத்திருந்தாள். படத்துக்குக் கீழே பெயர். வீடு, பாத்திரம், துடைப்பம், விளக்கு, தண்ணீர். அவள் வராத நாட்களில் நான் காட்டிக் கேட்க வேண்டும், சரியென்றால் ஒரு தாளில் டிக், தப்பென்றால் குறுக்குக் கோடு. அட்டைகளைச் சுவரெல்லாம் ஒட்டினேன். தாளோடு தாளாக அட்டையும், மருந்துப் பெட்டியும், கமோடு நாற்காலியும், நடை பழகும் கம்பியும் சேர, வீடு நானே பார்த்திராத அலங்கோலமாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் உடுமலைப்பேட்டையிலிருந்து என் கணவரின் அக்கா வந்தார். நான் நங்கையா என்று கூப்பிடுவேன். சின்ன வயதிலேயே தாயை இழந்த தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். தென்னந்தோப்பு, மாடு கன்று, ஆள் அம்பு என்று வசதியாக இருப்பவர். வாசலில் நின்றார். நான் ‘வாங்க நங்கையா’ என்று சொல்லி, அடுத்ததைச் சொல்ல வாய் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். “என்ன அம்மணி, ஊடு இப்படி அலங்கோலமாக் கெடக்குது?”

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது நான் சொல்லவேண்டிய சொல். அதை அவர் எடுத்துக்கொண்டார் என்றால், இந்த வீட்டில் இனி யார் பேச்சு நடக்கும் என்பதையும் அவர் முடிவு செய்துவிட்டார். அப்படியே ஆயிற்று. தம்பியின் தலையைத் தடவிக்கொண்டே, இங்கே படி ஏறி இறங்க முடியாது, காற்று இல்லை, நீ ஒருத்தி வேலையையும் பார்த்து இவனையும் எப்படிப் பார்ப்பாய், எங்கள் தோட்டத்தில் நாலு பேர் இருக்கிறார்கள், கண்ணைச் சிமிட்டினால் கொண்டுவந்து வைப்பார்கள் என்று அடுக்கினார். ஆடி முடியட்டும், ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார்.

பாசத்தில்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கண்ணைச் சிமிட்டினால் கொண்டுவந்து வைக்கிற வீட்டில் யார் இருபது எண்ணுவார்கள்? கேட்பதற்கு முன்னால் தண்ணி வந்துவிட்டால் ‘தண்ணி’ என்று அவர் ஏன் சொல்லப் போகிறார்? அங்கே போனால் இவர் உடம்பு தேறும், வாய் அப்படியே மூடிக்கொள்ளும். இதைச் சொன்னேன். பேச்சுப் பயிற்சியெல்லாம் நின்றுவிடும் என்றேன்.

“உசுரு இருக்குது, சோறு திங்கறான். நாயம் பேசியா இனிப் பொழைக்கப் போறான்?” என்றார். நாயம் என்றால் எங்கள் பக்கம் பேச்சு.

“அவரைக் கேளுங்க நங்கையா. வாரேன்னு அவரு வாயால சொல்லட்டும், நானே துணிமணி எடுத்து வெச்சுத் தாரேன்.”

“அவன் வாயில என்ன வரும்? அலங்கோலம்னு வரும்” என்றார். சொல்லிவிட்டு அவரே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் கணவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் அவருக்குப் புரிந்தது.

அன்றைக்கு முடிவு செய்தேன். ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமைக்குள் இவர் வாயிலிருந்து ஒரு பதில் வர வேண்டும். போகிறேன் என்றாலும் சரி, போகவில்லை என்றாலும் சரி. இவரைக் கேட்காமல் இவரை யாரும் மூட்டை கட்டக் கூடாது.

காலை, மதியம், மாலை மூன்று வேளையும் அட்டை. முதல் அட்டை வீடு. ஓட்டு வீடு, பக்கத்தில் ஒரு தென்னை. ‘வீ’ என்று சொல்ல மேல்பல்லைக் கீழுதட்டில் வைக்க வேண்டும், கண்ணாடியைக் காட்டிப் பழக்குங்கள் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நான் வீ, வீ என்று பல்லைக் காட்டுவேன். அவர் உதட்டைக் குவித்து ‘ஊ… ஊ…’ என்பார். வேர்த்துவிடும். நான் சிவப்புப் பேனாவால் குறுக்குக் கோடு போடுவேன். மறுபடி ‘ஊ’. மறுபடி கோடு. பிறகு ‘அலங்கோலம்’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒன்பது நாள் இப்படிப் போயிற்று. ஒருநாள் ஆத்திரத்தில் கண்ணாடியைக் கட்டில்மேல் வீசிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன்.

பத்தாம் நாள் காலையில் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் கீழே தெருவில் நின்று யாரையோ கேட்டார். “ஏனுங், மோட்டார் வைண்டிங்காரரு ஊடு எதுங்க?” புது ஆள் போல. நான் ஜன்னலுக்குப் போவதற்குள் எனக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“ஊடு.”

திரும்பிப் பார்த்தேன். அவர் இடது கையால் தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டு மறுபடி சொன்னார். “ஊடு.”

அட கடவுளே, இந்த மனிதர் பிறந்ததிலிருந்து ஒரு நாளாவது ‘வீடு’ என்று சொன்னதுண்டா? அட்டையைக் காட்டிய முதல் நாளிலிருந்து சரியான பதிலைத்தான் சொல்லப் பார்த்திருக்கிறார். முதல் எழுத்து வந்திருக்கிறது. அடுத்ததற்கு மூச்சைப் பிடிப்பதற்குள் நான் குறுக்குக் கோடு போட்டிருக்கிறேன். சுவரில் ஒட்டிய தாளில் என் சிவப்புக் கோடுகள் வரிசையாக நின்றன. இத்தனை வருஷமாக எத்தனை தாளில் ‘ஊடு’ என்பதை அடித்து ‘வீடு’ என்று எழுதியிருப்பேன்? அதே கையால், அதே பேனாவால், இவர் வாயில் முளைத்ததையும் அடித்திருக்கிறேன். அந்தப் பேனாவை உடைக்க வேண்டும் போல இருந்தது. உடைக்கவில்லை. அதே பேனாவால் அட்டையில் ‘வீடு’ என்பதை அடித்து ‘ஊடு’ என்று எழுதினேன்.

பயிற்சிப் பெண் வந்ததும் அட்டையைக் காட்டினேன். அவள் முகம் சுருங்கிப் போயிற்று. எனக்குத் தெரியவில்லை மேடம், நான் கேட்டிருக்க வேண்டும் என்றாள். பிறந்து வளர்ந்த எனக்கே தெரியவில்லை, உனக்கெப்படித் தெரியும் என்றேன். அவர் வீட்டில் எப்படிப் பேசுவாரோ அப்படியே எல்லா அட்டையையும் மாற்றி எழுதச் சொன்னாள். உட்கார்ந்து எழுதினேன். பாத்திரம் போசி ஆயிற்று. துடைப்பம் சீமாறு ஆயிற்று. விளக்கு வெளக்கு. தண்ணீர் தண்ணி. ஒவ்வொன்றையும் எழுதும்போது கை கூசியது. இது பிழை, இது பிழை என்று உள்ளே ஒருத்தி கத்திக்கொண்டே இருந்தாள். அவளை வாயை மூடு என்று சொல்லிவிட்டு எழுதினேன்.

ஆடி முடிவதற்குள் நாலு சொல் வந்தது. ஊடு, போசி, தண்ணி, இல்ல. ஒவ்வொன்றுக்கும் நெற்றி வேர்க்கும், கழுத்து நரம்பு புடைக்கும். இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்ல வரவில்லை. ஐந்தாவதாக அலங்கோலம் இருந்தது, அது மட்டும் வேர்வை இல்லாமல் வந்தது. நாலு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எப்படி ‘நான் வரமாட்டேன் அக்கா’ என்று சொல்வார்? வெறும் ‘இல்ல’ என்றால் நங்கையா விட்டுவிடுவாரா? எனக்கு உறக்கம் வரவில்லை.

சனிக்கிழமை மகள் போனில், வீட்டையாவது சுத்தம் செய்து வையம்மா, அத்தை அதைத்தானே குறை சொல்கிறார் என்றாள். சரியென்று பட்டது. தாள்களைக் கட்டினேன். அகராதியை அலமாரிக்குள் வைத்தேன். நடை பழகும் கம்பியைக் கட்டிலடியில் தள்ளினேன். பிறகு சுவரிலிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தேன். போசியைப் பிரித்தேன், வெளக்கைப் பிரித்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஊடு அட்டையில் கை வைத்ததும், “இல்ல” என்றார்.

நின்றேன். பிரித்து வைத்த அட்டைக் கட்டை அவர் இடது கையால் இழுத்தார். இழுத்ததில் எல்லாம் தரையில் சிதறிப் போயின. ஸ்பேனருக்கு உருவம் வரைந்து மாட்டின மனிதர், சிதறினதைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இந்தத் தாளும் அட்டையும் கம்பியும் இல்லாவிட்டால் இங்கே நடப்பது என்ன என்று யாருக்குத் தெரியும்? கட்டினதையெல்லாம் அவிழ்த்தேன். கம்பியை வெளியே இழுத்தேன். அட்டைகளைத் திரும்ப ஒட்டினேன். வருகிறவர் வரட்டும் என்று இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கார் வந்தது. டிரைவர் இளநீர்க் குலையைப் படியில் வைத்துவிட்டுக் கீழேயே நின்றார், சாமான் தூக்க வேண்டுமே. நங்கையா நல்ல சேலை கட்டி, திருநீறு பூசி, மூச்சு வாங்க மேலே வந்தார். “வாங்க நங்கையா” என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். அடுத்த சொல் தொண்டைவரை வந்தது, பழக்கதோஷம். நங்கையா முன்னால் அதைச் சொன்னால் தோற்றதை ஒப்புக்கொண்ட மாதிரி. வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

அந்த இடத்தில் ஒரு சொல் குறைந்தது எங்கள் மூன்று பேருக்குமே தெரிந்தது. நங்கையா வாசற்படிக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்றார். உட்கார ஒரு நாற்காலி காலியாக இல்லை. எல்லாவற்றிலும் தாள். அவர் தம்பியைப் பார்த்தார். “போலாமா கண்ணு? அக்கா கூட வாரியா?” என்றார்.

கேட்டுவிட்டார். அதுவே எனக்குப் பெரிதாக இருந்தது. ஆனால் கேட்ட கையோடு, பதிலுக்கு நிற்காமல், துணிப்பை எங்கே அம்மணி என்று என்னிடம் திரும்பினார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். வயதில் மூத்தவர் கையை அப்படி நான் பிடித்ததே இல்லை. “கொஞ்சம் பொறுங்க. எண்ணுங்க. இருவதுவரைக்கும் எண்ணுங்க” என்றேன். அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். கையை உருவவில்லை.

நான் எண்ணினேன். ஆறில் என் கணவர் உதடு குவிந்தது. ஒன்பதில் ‘ஊ’ என்றார். நங்கையா ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் கையை அழுத்தினேன். பன்னிரண்டில் தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். வேர்வை காதோரம் இறங்கியது. பதினேழா பதினெட்டா, எண்ணிக்கை எனக்கு விட்டுப்போயிற்று.

“எங்… எங்கூடு.”

எங்கள் வீடு. இரண்டு சொல்லை அவர் சேர்த்துச் சொன்னது அதுதான் முதல். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆனால் அவர் முடிக்கவில்லை. அக்காவைப் பார்த்தார். அக்கா உட்கார இடமில்லாமல் நிற்பதைப் பார்த்தார். நாற்காலிமேல் கிடந்த தாள்களைப் பார்த்தார். இடது கையை மெதுவாக நீட்டி அந்த நாற்காலியைக் காட்டினார். பிறகு, எந்தச் சிரமமும் இல்லாமல் எப்போதும் வந்து விழுகிற அந்தச் சொல்லை, இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எடுத்து, வேர்த்து வேர்த்துச் சொன்னார்.

“அலங்… கோலமுங்க்… க்கா.”

‘ங்க’ வந்துவிட்டது. நாயைக்கூட மரியாதையாக எழுப்பின அந்த ‘ங்க’. தானாக விழுகிற சொல்லில் அது ஒட்டாது. இத்தனை மாதம் ஒட்டவில்லை. இது அவராகச் சொன்னது. எங்கள் வீடு, அலங்கோலமாகக் கிடக்கிறது, ஒன்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள் அக்கா என்று, இந்த வீட்டுக்காரர், வந்தவருக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டார்.

நங்கையா யோசிக்கவே இல்லை. ஆயிரம் வாசலில் நின்று சொன்ன வாய். “அட, அதனால என்ன சாமி, எல்லாரு ஊடும் அப்படித்தான்” என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவர் காதில் விழுந்தது. வாயில் கை வைத்துக்கொண்டார். தம்பியைப் பார்த்தார், சுவரிலிருந்த அட்டைகளைப் பார்த்தார், ‘ஊடு’ என்று சிவப்பில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு என் கையிலிருந்து தன் கையை விடுவித்துக்கொண்டு, நாற்காலிமேல் இருந்த தாள்களை வரிசை கலையாமல் எடுத்துக் கட்டில்மேல் வைத்துவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“ஒரு வாய் தண்ணி குடு அம்மணி” என்றார். “குடிச்சுப்போட்டு, நான் போயிட்டு வாரேன்.”